நாலாம் மதகின் சாவி

அத்தியாயம் பதினொன்று

ஜக்கம்மாள் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். தொரட்டியால் கொத்தை வளைத்து, ஒரு காய்கூடத் தரையில் விழாமல் மடியை ஏந்திப் பிடித்து நிதானமாகப் பறித்தாள்.

மொக்கம்மாள் வாய்க்கால் கரையில் நின்றாள். பார்க்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தாள். கால் நின்றுவிட்டது.

அந்த மரம் அவள் நட்டது. எட்டு வருசத்துக்கு முன்னால், கடமலைக்குண்டில் இருக்கும் பிறந்த வீட்டிலிருந்து போத்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக் கொண்டுவந்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரையெல்லாம் அதற்குத்தான் ஊற்றினாள்.

"என்னக்கா, காலையிலயே சேலையெல்லாம் மாத்தியாச்சு?" என்றாள் ஜக்கம்மாள். "கம்பத்துக்கா?"

"ஆமா."

"அப்பீலுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளாமே. எங்க வீட்டுல இவுக சொன்னாக. பாவம், மாமாவும் எத்தன நடை நடந்துட்டாக." மடியிலிருந்து இரண்டு காய் எடுத்து நீட்டினாள். "இந்தா, கொழம்புக்கு ஆகும். கொண்டு போ."

"நான் வச்ச மரத்துக் காய நீ எனக்குத் தானம் குடுக்கிறியா?"

"வீடும் சர்க்கார் வீடு, மரமும் சர்க்கார் மரம். யாரு வேலையில இருக்காகளோ அவுகளுக்கு." ஜக்கம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "கோவிச்சுக்காதக்கா. நாளைக்கு அப்பீல் ஜெயிச்சா நீ வந்து பறிச்சுக்க. நானா வேண்டாங்கிறேன்?"

அந்த வீட்டுக்குள் பதினான்கு வருசம் அடுப்பெரித்தவள் மொக்கம்மாள். புருஷன் சுருளியாண்டி வாய்க்காலில் லஸ்கர். முறை பார்த்து மதகைத் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும், கரை உடையாமல் காக்க வேண்டும். காக்கிச் சட்டை, பித்தளை வில்லை, மாதம் பிறந்தால் சம்பளம். ஊரில் எல்லார் வீட்டிலும் ஆடி மாதம் அரிசிப் பானை காலியாகும்போது இவள் வீட்டுப் பானை மட்டும் காலியாகாது.

தை மாதம் ஒரு நாள் எல்லாம் போயிற்று. அன்று கடைமடைக்காரர்களின் தண்ணீர் முறை. மூடியிருக்க வேண்டிய நாலாம் மதகு முக்கால் பங்கு திறந்து கிடந்தது. தண்ணீர் முழுக்க மேல்பக்கத்து வாழைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓவர்சீயர் வந்து பார்த்தார். விசாரணை நடந்தது. காசு வாங்கிக்கொண்டு தண்ணீர் விற்றான் என்று எழுதி, பங்குனியில் சுருளியாண்டியை வேலையை விட்டு நீக்கினார்கள். அவன் இடத்தில் தற்காலிகமாக வந்தவன் சின்னக்கருப்பு. சுருளியாண்டியின் சித்தப்பன் மகன். ஜக்கம்மாள் அவன் பெண்டாட்டி.

மதகைத் திறந்தது யார் என்று மொக்கம்மாளுக்குத் தெரியும். சாவியை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

இதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலையில் சுருளியாண்டி அவசரமாக வந்து, இடுப்பிலிருந்த சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மண்வெட்டியைத் தூக்கினான். "சங்கிலி வயக்கிட்ட கரை அரிச்சுப் போச்சாம். தண்ணிக்குள்ள எறங்கணும். சாவிய வச்சுக்கிட்டு முடியாது," என்று சொல்லிவிட்டு ஓடினான். பழைய கஞ்சியைக்கூடக் குடிக்கவில்லை.

சங்கிலியம்மாள் அவனுடைய அத்தை மகள். சின்ன வயதில் அவனுக்குத்தான் என்று பேசி வைத்திருந்த பெண். நடுவில் நிலத்தகராறு வந்து, அவளைச் சின்னமனூரில் கொடுத்தார்கள். புருஷன் செத்து, கடைமடையில் இருந்த அப்பன் வீட்டு இரண்டு வயலை நம்பித் திரும்பி வந்தாள். வந்த நாளிலிருந்து மொக்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைமடையில் ஒரு தவளை கத்தினால்கூட அது சங்கிலிக்காகக் கத்துகிற மாதிரி இருக்கும்.

உச்சிப் பொழுதில் சின்னக்கருப்பு வந்தான். "என்ன மதினி, அண்ணன் இன்னும் வரலியா? ரெண்டு பேரும் இடுப்பளவு தண்ணியில நிக்கிறாக. ஊரே பாத்துட்டுப் போகுது," என்றான். அவள் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்தச் சாவியக் குடு. நாலாம் மதகத் தெறந்து விட்டா கடைமடைக்குச் சொட்டுத் தண்ணி போகாது. தண்ணி வத்திப்போனா அண்ணனுக்கு அங்கன என்ன வேலை? தன்னால வீட்டுக்கு வந்துருவாக."

அவள் சாவியை எடுத்துக் கொடுத்தாள். பொழுது சாயும் முன்னால் அது மறுபடியும் ஆணிக்கு வந்துவிட்டது.

---

கம்பத்துச் சாலையில் சுருளியாண்டி முன்னால் போனான். தோளில் துண்டு, கையில் ஒரு துணிப்பை. அதற்குள் நீக்கல் உத்தரவு. ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போய்ப் போய் அவன் இரண்டு கையும் வெடித்துக் கிடந்தது. மதகுச் சக்கரம் சுற்றிய கைக்குச் சுத்தியல் இன்னும் பழகவில்லை.

ஊர் எல்லைப் பாலத்தில் சங்கிலியம்மாள் நின்றாள்.

"இவ எதுக்கு?" என்றாள் மொக்கம்மாள்.

"சாட்சிக்கு. சண்முகராஜ் அய்யா கூட்டிட்டு வரச் சொன்னாக."

"என்கிட்டச் சொல்லலியே."

"சொன்னா நீ வாசல்ல படுத்துக்கிருவ," என்றான் அவன், திரும்பாமல்.

சங்கிலி பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள். "சாப்டியாக்கா?" என்று கேட்டாள்.

அந்த அக்கா என்ற சொல்லைக் கேட்டாலே மொக்கம்மாளுக்கு உடம்பு எரியும். முறைக்காரி கூப்பிடுகிற அக்கா அது. சக்களத்தியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சாப்டாம வந்தா நீ ஆக்கிப் போடப்போறியா?"

அதற்கப்புறம் மூன்று மைல் நடை. மொக்கம்மாள் மட்டும் ஒரு வேலை செய்தாள். புருஷனுக்கும் சங்கிலிக்கும் நடுவிலேயே விலகாமல் நடந்தாள். அவன் வேகமாகப் போனால் இவளும் வேகமாகப் போனாள். அவன் முள் குத்தி நின்றபோது குனியப்போன சங்கிலியைத் தோளால் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினாள்.

---

சண்முகராஜ் முன்னால் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். பென்சன் வாங்கிய பிறகு சந்தைக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கடையை ஒட்டிய சார்ப்பில் மனு எழுதுகிறார். தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதுதான் மேஜை. இங்கிலீஷ் உத்தரவை அவர் இரண்டாம் தடவையாகப் படித்தார். படிக்கப் படிக்க உதட்டைப் பிதுக்கினார்.

"நீயே உன் கழுத்துல சுருக்கு மாட்டியிருக்க, சுருளியாண்டி."

"நானா?"

"விசாரணையில உன்கிட்டச் சாவி எங்க இருந்துச்சுன்னு கேட்டிருக்காக. நீ என்ன சொன்ன?"

சுருளியாண்டி நெஞ்சை நிமிர்த்தினான். "சாவி என் இடுப்ப விட்டு எறங்கலன்னு சொன்னேன்."

"எறங்குச்சா இல்லையா?"

அவன் துண்டை மறு தோளுக்கு மாற்றினான். லஸ்கர் வேலை பார்க்கிறவன் தூங்கும்போதுகூட அரைஞாண் கயிற்றில் சாவியைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். சாவியைக் கீழே வைத்தவன் லஸ்கரே இல்லை என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அதனால் பெரிய எஞ்சினீயர் முன்னால், நாலு பேர் கேட்க, வைத்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"சாவி உன் இடுப்புல இருந்துச்சு. மதகு தெறந்து கெடந்துச்சு. பூட்டு உடையல. அப்ப தெறந்தது யாரு? நீதானே? இத வச்சே நீக்கிட்டாக. காசு வாங்கினதுக்கு ஒரு சாட்சி இல்ல. உன் வாய்தான் சாட்சி."

"அய்யா, ஓவர்சீயர்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. அந்த நாயிதான் தெறந்துட்டு என் மேல போட்டுட்டான். அப்படியே எழுதுங்க. நாயின்னே எழுதுங்க."

"எழுதுறேன். அப்பீல அங்கனயே கிழிச்சுப் போட்டுருவாக." சண்முகராஜ் பேனாவைத் துடைத்தார். "மரியாதை இல்லாத ஒரு சொல்லு இருந்தாலும் மேல அனுப்ப மாட்டாக. அதுக்கு விதி இருக்கு. அதோட இது போறதே அந்த ஓவர்சீயர் வழியாத்தான். உன்னய நீக்குன ஆபீஸ்ல குடுத்து, அவுக கையெழுத்துப் போட்டுத்தான் பெரிய அதிகாரிக்குப் போகும்."

"அவன் கையிலயே குடுக்கவா? நல்லா இருக்கே ஞாயம்!"

"ஞாயத்தப் பத்தி அப்புறம் பேசுவோம். மணி பதினொண்ணு ஆகுது. அஞ்சு மணிக்கு ஆபீஸ் சாத்திருவான். சொல்ல வேண்டியது எல்லாம் இதுலயே சொல்லிறணும். நாளைக்கு வந்து இத மறந்துட்டேன்னா செல்லாது. வக்கீல் பேச முடியாது. ஊர் கூடிக் கைநாட்டு வைக்க முடியாது. உன் பேரு, உன் ஒரு கைநாட்டு." அவர் சங்கிலியைப் பார்த்துத் திரும்பினார். "நீ என்னம்மா பாத்த?"

சங்கிலி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "காலையில இருந்து பொழுது சாயற மட்டும் எங்க வயக்கிட்டத்தான் இருந்தாக மச்சான். கரை பொத்துக்கிருச்சு. தண்ணிக்குள்ள எறங்கி மண்ணு மூட்டை அடுக்குனாக. நான் மண்ணு வெட்டிக் குடுத்தேன்."

"அவன் இடுப்புல சாவி இருந்துச்சா?"

"இல்ல."

"நல்லாத் தெரியுமா? வேட்டிக்குள்ள இருந்திருக்கலாம்ல?"

சங்கிலி தரையைப் பார்த்தாள். "வேட்டிய அவுத்துக் கரையில போட்டுட்டுத்தான் எறங்குனாக. கோவணத்தோட நின்னாக. அது முழ நீளச் சாவி. இருந்தாத் தெரியாதாங்கய்யா?"

சண்முகராஜ் தலையாட்டிக்கொண்டு எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: "‘அன்றைய தினம் காலை முதல் மாலை வரை என்னுடன் இருந்த மேற்படி சங்கிலியம்மாள், என் இடுப்பைக் கண்ணாரக் கண்டவளானதால், அதில் சாவி இல்லை என்பதற்கு...’"

"நிறுத்துங்கய்யா!"

வெற்றிலைக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். மொக்கம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

"இவ எதுக்கு என் புருசன் இடுப்பப் பாத்தா?"

"ஏ, உக்காரு," என்றான் சுருளியாண்டி.

"மண்ணு வெட்ட வந்தவ மண்ணத்தானே பாக்கணும்? இடுப்புல சாவி இருக்கா, அரைஞாண் கயிறு இருக்கான்னு எண்ணிக்கிட்டு நின்னாளா? இத எஞ்சினீயரு படிப்பாரு, கிளார்க்கு படிப்பான், ஊரு படிக்கும்!"

"யக்கா, கேட்டாக, சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்ற?"

"உன்கிட்ட நான் பேசல."

சண்முகராஜ் பேனாவைக் கீழே வைத்தார். இப்படிப்பட்ட சண்டைகளை அவர் நிறையப் பார்த்தவர். "இங்க பாருங்கம்மா. இந்தப் பொண்ணு சாட்சி இல்லேன்னா ஒண்ணுமே இல்ல. இதுவும் பாதிக் கெணறுதான் தாண்டும். சாவி இடுப்புல இல்ல, சரி. அப்ப எங்க இருந்துச்சு?"

"வீட்ல. ஆணியில மாட்டிட்டுப் போனேன்," என்றான் சுருளியாண்டி. அதைச் சொல்வதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. "சாயங்காலம் வந்தேன். மாட்டுன எடத்துல அப்படியே இருந்துச்சு."

"நடுவுல யாரு எடுத்தா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு எழுதுனா தள்ளிருவாக."

"சங்கிலி சொல்றது போதும், எழுதுங்க. அவ ஒருத்தி எனக்காக வந்து நிக்கிறா. அவ பேரு இருந்தாப் போதும்."

அவ ஒருத்தி.

மூன்று மாதமாக மொக்கம்மாள் பிறத்தியார் தோட்டத்தில் வாழைத்தார் சுமந்திருக்கிறாள். கழுத்து ஒரு பக்கமாய்த் திரும்பாது. இருக்கிற கம்மங்கஞ்சியில் கெட்டியை அவனுக்கு ஊற்றி, தெளிவை அவள் குடித்திருக்கிறாள். அதெல்லாம் கணக்கில் இல்லை. ஒரு நாள் மண்வெட்டிக் கொடுத்தவள்தான் ஒருத்தி. நாளைக்கு வேலை திரும்பக் கிடைத்தால், அந்த வீடு திரும்பக் கிடைத்தால், அது சங்கிலி வாங்கிக் கொடுத்த வீடு. அந்த முருங்கை மரம் சங்கிலி வாங்கிக் கொடுத்த மரம். சாகும் வரைக்கும் அவன் அந்த நன்றியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் படுப்பான்.

"நான்தான் எடுத்தேன்," என்றாள் மொக்கம்மாள்.

சுருளியாண்டிக்குப் புரியவில்லை. "எத?"

"சாவிய. சின்னக்கருப்பு வந்து கேட்டான். எடுத்துக் குடுத்தேன். பொழுது சாய முன்னால கொண்டாந்து குடுத்துட்டான். நான்தான் ஆணியில மாட்டுனேன்."

சந்தைக்குள் யாரோ மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. சண்முகராஜ் எழுதிய தாளைத் தள்ளி வைத்தார்.

"எதுக்குக் குடுத்த?" சுருளியாண்டியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

மொக்கம்மாள் ஒரு கணம் சங்கிலியைப் பார்த்தாள். "‘அண்ணன் வாங்கிட்டு வரச் சொன்னாக’ன்னு சொன்னான். நம்பிக் குடுத்தேன்."

"என்கிட்டச் சொல்லல."

"பயந்துக்கிட்டு."

"விசாரணைக்குப் போனப்பச் சொல்லல. நீக்குனப்பச் சொல்லல. சட்டையையும் வில்லையையும் கழட்டி அவன் கையிலயே குடுத்துட்டு வந்தேனே, அன்னைக்காவது..." அவன் எழுந்துவிட்டான். வெடித்த கை மேலே போயிற்று.

"மச்சான்!" என்றாள் சங்கிலி.

கை இறங்கிவிட்டது.

அடித்திருந்தால் மொக்கம்மாள் வாங்கியிருப்பாள். சங்கிலி ஒரு சொல் சொன்னதும் அது இறங்கியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பதினெட்டு வருசத்தில் அவள் கெஞ்சி அந்தக் கை ஒரு நாளும் இறங்கியதில்லை.

சண்முகராஜ் ஒரு புதுத்தாளை எடுத்துப் போட்டார். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "இப்பத்தான் மனுவுக்கு உயிர் வந்துச்சு. காசு வாங்கினான்னா அது டிஸ்மிஸ். சாவிய வீட்ல வச்சுட்டுப் போனான்னா அது அஜாக்கிரதை. அதுக்குச் சம்பளத்துல பிடிக்கலாம், கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கலாம். வீட்டுக்கு அனுப்ப முடியாது. சுருளியாண்டி, முன்னால சொன்னது பொய்யி, வெக்கப்பட்டுச் சொல்லிட்டேன்னு நீயே ஒத்துக்கணும். பொண்டாட்டி குடுத்தான்னு எழுதணும்."

"வேண்டாம்," என்றான் சுருளியாண்டி.

"என்ன வேண்டாம்?"

"பொண்டாட்டி பேர ஆபீஸ் கடுதாசியில ஏத்த மாட்டேன். சாவியப் பொம்பளகிட்டக் குடுத்து வச்சவன்னு ஒவ்வொரு ஆபீஸ்லயும் சிரிப்பான். வேலை போனாப் போகுது."

"அவ பேரு ஏறலாம்," மொக்கம்மாள் சங்கிலி பக்கம் கையை நீட்டினாள். "எம் பேரு ஏறப்பிடாதோ? அவ உங்க கோவணத்தப் பாத்தத எஞ்சினீயரு படிக்கலாம். நான் சாவி குடுத்தத மட்டும் படிக்கப்பிடாதோ? நான் என்ன, தாலி கட்டாம வந்தவளா? எழுதுங்கய்யா. மொக்கம்மாள்னு எழுதுங்க. என் சம்சாரம் மொக்கம்மாள்னு எழுதுங்க. அவ பேருக்கு முன்னால எழுதுங்க."

"நடந்த வரிசையிலதானம்மா வரும்..."

"முன்னால!"

சண்முகராஜ் சுருளியாண்டியைப் பார்த்தார். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துண்டுக்குள்ளிருந்தே, "எழுதுங்க," என்றான்.

---

இரண்டு படி எழுதி முடிக்க மணி நாலு ஆகிவிட்டது. நீக்கல் உத்தரவைப் பின்னால் வைத்துத் தைத்து, கைநாட்டு வாங்கி, காய்வதற்குள் எழுந்து ஓடினார்கள். சண்முகராஜ் பின்னாலிருந்து கத்தினார்: "தேதி போட்டு சீல் குத்தி ரசீது வாங்காம வந்துறாத! நாளைத் தேதி விழுந்துச்சுன்னா குப்பைக் கூடைக்குத்தான் போகும்!"

கால்வாய் ஆபீஸ் வாசலில் சின்னக்கருப்பு நின்றான். காக்கிச் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. சுருளியாண்டியின் தோளுக்குத் தைத்த சட்டை. வில்லையைப் புளி போட்டுத் துலக்கியிருந்தான்.

"வாங்கண்ணே. ஓவர்சீயர் கேம்பு போயிட்டாக. நாளைக்கு வாங்க."

சுருளியாண்டி அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சின்னக்கருப்பு ஒரு எட்டுப் பின்னால் போனான். ஆனால் சுருளியாண்டி ஒன்றும் சொல்லவில்லை. மரியாதை இல்லாத ஒரு சொல் என்று சண்முகராஜ் சொன்னது இன்னும் அவன் காதில் இருந்தது. உள்ளே போனான்.

கிளார்க்கும் அதையே சொன்னார். "ஓவர்சீயர் இல்லாம நான் வாங்க முடியாதுப்பா. நாளைக்குக் காலையில கொண்டா."

"நாளைக்குச் செல்லாதுங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய? கடைசி நாள் வரைக்கும் என்ன செஞ்ச?"

சுருளியாண்டி மனுவை நீட்டியபடியே நின்றான். கெஞ்சத் தெரியாத ஆள். மொக்கம்மாள் வாசற்படியைத் தாண்டி வந்து, ஆபீஸ் நடையில், கிளார்க்கின் மேஜைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இதென்னம்மா? எந்திரி!"

"சீல் விழட்டும், எந்திரிக்கேன்."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அந்தக் கடுதாசியில எம் பேரு இருக்கு. நானும் ஆபீஸுக்கு வேண்டப்பட்டவதான்."

சங்கிலி கதவருகே தயங்கினாள். பிறகு அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மொக்கம்மாள் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். இடம் கொடுப்பதற்காக இல்லை. அவள் மேல் படக் கூடாது என்பதற்காக.

சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பத்தைத் தாண்டியது. கிளார்க் இரண்டு பெண்களையும் பார்த்தார், மனுவை வாங்கினார், ஒப்புக்குப் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் அவர் கண் நின்றது. திரும்ப மேலிருந்து படித்தார். வாசலில் நின்ற சின்னக்கருப்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து சீலை எடுத்தார்.

சத்தம் கேட்டதும் சுருளியாண்டி கண்ணை மூடித் திறந்தான்.

"இது மேல போகும்," என்றார் கிளார்க். குரல் மாறியிருந்தது. "போனா மறுவிசாரணை வரும். இதுல பேர் வந்தவுக அத்தன பேரையும் கூப்பிடுவாக. நீ, உன் சம்சாரம், இந்தம்மா, அப்புறம்..." வாசல் பக்கம் தலையசைத்தார். "எல்லாரும் எஞ்சினீயர் முன்னால வந்து வாயால சொல்லணும். ஒரு ஆள் வரலைன்னாலும் இந்தக் கடுதாசிக்கு வெல இல்ல. இரு, ரசீது எழுதித் தர்றேன்."

மொக்கம்மாள் வெளியே வந்தாள். சின்னக்கருப்பு அவளுக்காகவே காத்திருந்தான்.

"எம் பேரப் போட்டுட்டியா மதினி?"

"போட்டேன்."

"என்னன்னு போட்ட? அண்ணன் கேட்டதா நான் பொய் சொல்லி வாங்குனேன்னா?" அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "சரி. எனக்கு இந்தச் சட்டை போகும். போகட்டும். ஆனா விசாரணையில நெசத்தத்தான் சொல்வேன். என்ன சொல்லிக் கேட்டேன், நீ என்ன நெனச்சுக் குடுத்த, எல்லாத்தையும் அண்ணன் முன்னாலயே சொல்வேன். அதுக்கப்புறம் அண்ணனுக்கு வேலை இருக்கும். உனக்கு வீடு இருக்கான்னு பாத்துக்க."

அவன் மேட்டிலிருந்து இறங்கிப் போய்விட்டான். மொக்கம்மாள் திரும்பினாள். கதவை ஒட்டி சங்கிலி நின்றாள்.

"என்ன சொல்லிட்டுப் போறான் யக்கா?"

மொக்கம்மாள் அவளைத் தாண்டி நடக்கப் பார்த்தாள்.

"மச்சான் கேட்டாகன்னு சொல்லித்தானே சாவி வாங்குனான்? அப்படித்தானே எழுதுனாக?" சங்கிலி கிட்டே வந்தாள். "நீ எதுக்குக் குடுத்த?"

இன்னும் ஒரு பொய் சொல்லலாம். ஆனால் அவளிடம் போய்ப் பயந்து நிற்பதா? மொக்கம்மாள் நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"உன் வயலுக்குத் தண்ணி போகப்பிடாதுன்னு குடுத்தேன்."

சங்கிலி உடனே கத்துவாள் என்று நினைத்தாள். அவள் கத்தவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அன்னைக்கு எங்க முறை போச்சு, அதுக்கப்புறம் பத்து நாளு விசாரணைன்னு சொல்லி வாய்க்கால்ல தண்ணியே விடல," என்றாள். "பால் பிடிக்கிற நேரம். ரெண்டு வயலும் பதரா அறுத்தேன். தெய்வம்தான் கண்ண மூடிக்கிருச்சுன்னு நெனச்சேன். நீயா?"

"நான்தான்."

"என் மேல அவ்வளவு என்னக்கா?"

அதைச் சொல்ல மொக்கம்மாளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது இப்போதும் ஒன்றுதான். வெயிலில் மூன்று மைல் நடந்து வந்தும் சங்கிலியின் முகம் வாடாமல் இருந்தது. அது பிடிக்கவில்லை.

உள்ளிருந்து சுருளியாண்டி வந்தான். ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே வந்தான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "தேதி விழுந்துருச்சு. வாங்க, இருட்டுறதுக்குள்ள போவோம். என்ன, ரெண்டு பேரும் நின்னு பேசிக்கிட்டு இருக்கீக?"

"ஒண்ணுமில்ல மச்சான்," என்றாள் சங்கிலி. பார்வை மொக்கம்மாளை விட்டு அகலவில்லை. "விசாரணைக்கு நானும் வந்து சொல்லணுமாமே. வரணுமான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"இது என்ன கேள்வி? நீ வராட்டி மொத்தமும் போச்சு."

"உங்களக் கேக்கல. அக்காவக் கேக்குறேன்." சங்கிலி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "சொல்லுக்கா. நான் வரவா, வேண்டாமா? நீ கூப்பிட்டா வர்றேன். நீ உன் வாயால கூப்பிட்டாத்தான் வருவேன்."

சுருளியாண்டி ஒன்றும் புரியாமல் பெண்டாட்டியைப் பார்த்தான்.

வா என்று ஒரு சொல். பதினான்கு வருசம் அடுப்பெரித்த வீடும் புருஷனின் வேலையும் அதில்தான் இருந்தன. மொக்கம்மாள் வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.